வியாக்கியானமும் குணமும்

நம் நாட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் காரணம் சொல்லுகிறவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து எது என்று கேட்கிறோம். காலில் முள் தைத்தால் முள்ளைப் பிடுங்குகிறோம். ஆனால் ஒருவனுக்கு மனம் கெட்டு, தூக்கம் போய், தனக்குத் தானே பேசிக்கொண்டு, சோறு தண்ணீர் வேண்டாம் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டால், "இது எதனால் வந்தது? யார் செய்தது?" என்றுதான் முதலில் கேட்கிறோம். இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கும்வரை இதற்குப் பதில் சொல்லியே வயிறு வளர்க்கிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

இராமநாதபுரம் ஜில்லாவில் சாயல்குடி வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுவோம். பனை ஏறியும், கருப்பட்டி காய்ச்சியும், கடலுக்குப் போயும், கரிமூட்டம் போட்டும் பிழைக்கிற ஜனங்கள் நிறைந்த வறண்ட பூமி. அங்கு ஒரு வீட்டில் ஒரு பெண் இப்படி மனம் கலங்கி உட்கார்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுவோம். முதலில் கோடாங்கி வருகிறான். உடுக்கை அடித்து, "பனங்காட்டில் உச்சிப்பொழுதில் காற்றுச் சேஷ்டை பிடித்துக்கொண்டது" என்கிறான். அடுத்து ஜோசியர். "சனி எட்டில் இருக்கிறான்" என்கிறார். குறி சொல்லுகிறவள், "பங்காளி வீட்டில் செய்வினை வைத்திருக்கிறார்கள்" என்கிறாள். கீழக்கரைப் பக்கம் ஏர்வாடிக்கு அழைத்துக்கொண்டு போனால், "கனவில் உத்தரவு வரும்வரை இங்கே கிடக்கட்டும்" என்கிறார்கள். கடைசியில் பட்டணத்தில் படித்துப் பட்டம் வாங்கிய மன ஆலோசகர் ஒருவரிடம் போனால், "சின்ன வயதில் தகப்பனிடத்தில் கொண்ட கோபத்தை உள்ளே அடக்கி வைத்திருக்கிறாய்" என்கிறார்.

ஐந்து பேரும் சொல்லுவது ஐந்து விதம். ஆனால் ஐந்து பேரிடத்திலும் உள்ள ருஜு மட்டும் ஒன்றுதான். அதாவது, "நான் சொன்ன காரணம் தப்பாய் இருந்தால் குணமாகியிருக்குமா?" என்பதே அது. நாம் இங்கு பரிசோதிக்க எடுத்துக்கொண்டது இந்த ஒரு வாதத்தைத்தான். ஏனென்றால் இந்த ஒரு வாதத்தின் மேல்தான் மேற்படி ஐந்து பேருடைய பிழைப்பும் நின்றுகொண்டிருக்கிறது.

பலன் யாருக்குச் சொந்தம்?

மேலே சொன்ன பெண் ஆறு மாதத்தில் தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுவோம். உடனே கோடாங்கி, "என் வேப்பிலைக்குத்தான் இறங்கிற்று" என்பான். ஜோசியர், "சனி பெயர்ந்துவிட்டான்" என்பார். ஆலோசகரும், "உள்ளே அடைந்துகிடந்தது வெளியே வந்துவிட்டது" என்பார். ஒரே தேறுதலைக் கொண்டு ஒன்றுக்கொன்று முரணான ஐந்து காரணங்களும் மெய்யாகிவிடுமா? ஒரு சாட்சி ஐந்து கட்சிக்கும் சாதகமாய்ச் சாட்சி சொன்னால், அந்தச் சாட்சியை எந்தக் கோர்ட்டாவது ஏற்றுக்கொள்ளுமா? ஆகவே குணமானது என்கின்ற ஒரு காரணத்தினாலேயே வியாக்கியானம் சரி என்று ஆகிவிடாது. இது முதல் சங்கதி.

பின் எதனால்தான் குணமாயிற்று என்று கேட்கலாம். மனத்தளர்ச்சி பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே குறையக்கூடியது. திடீரென்று வந்த புத்தி மாறாட்டமும் சில பேருக்குச் சில வாரங்களில் விலகிவிடுகிறது. ஜனங்கள் மந்திரவாதியைத் தேடிப் போவதும் நோய் உச்சத்தில் இருக்கும் சமயத்தில்தான். உச்சத்துக்குப் போனது கொஞ்சமாவது இறங்கத்தானே வேண்டும்? அன்றியும், அடிக்கிற புருஷனிடத்திலிருந்தும் ஏசுகிற மாமியாரிடத்திலிருந்தும் ஒரு பெண்ணை நாற்பது நாள் பிரித்து வேறு இடத்தில் வைத்தால், அங்கே கோடாங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்குப் பாதி நோய் குறையும். தூங்கவிட்டு, வேளைக்குச் சோறு போட்டு, "சரியாகிவிடும்" என்று நாலு பேர் அன்பாய்ச் சொன்னால் இன்னும் கொஞ்சம் குறையும். இதில் பேய்க்கு என்ன வேலை? சனிக்கு என்ன வேலை?

"கோவிலில் தங்கிக் குணமானவர்களை டாக்டர்களே கண்டு எழுதியிருக்கிறார்களே!" என்று சில பக்தர்கள் சொல்லக்கூடும். எழுதியிருப்பது வாஸ்தவம்தான். பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராம் முதலியோர் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பரிசோதித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். சராசரி 6 வாரம் தங்கினவர்களுடைய நோய்க் குறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தன. ஆனால் அந்தப் பக்தர்கள் மறைத்துவிடுகிற பாகம் ஒன்று அதில் இருக்கிறது. அந்தக் கோவிலில் பேய் ஓட்டுவது போன்ற விசேஷச் சடங்கு எதுவும் கிடையாது. காலையில் சிறிது நேரப் பூஜை; பிறகு கோவிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள்; அடி இல்லை, உதை இல்லை. மதிப்போடு இருக்க ஓர் இடம் கிடைத்ததுதான் நன்மைக்குக் காரணமாய் இருக்கலாம் என்பதே ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம். கோவிலுக்குப் போகாத வேறொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்காததால், அதிலும் எவ்வளவு தானாகவே குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியும் இந்த ருஜு பேய் வியாக்கியானத்துக்குச் சாதகம் அல்ல, பாதகம்தான். வியாக்கியானமே இல்லாத இடத்தில் 20 சதவிகிதம் குறைந்தது என்றால், வியாக்கியானம் சொல்லிக் காசு வாங்குகிறவனுடைய பங்கு எங்கே இருக்கிறது?

"ஆமாம்" என்பது அத்தாட்சியா?

"அப்படியில்லை; சொன்னது அவ்வளவும் அச்சாகப் பொருந்திற்று; அவளே ஆமாம் என்று ஒப்புக்கொண்டாள்" என்று மற்றொரு வாதம் சொல்லுவார்கள்.

1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்கின்ற மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருடைய குணத்தையும் தனித்தனியே எழுதித் தருவதாகச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரியாக 4-க்கு மேலேயே மார்க் விழுந்தது. பிறகுதான் சங்கதி வெளியாயிற்று. 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வாக்கியங்களும் கடையில் விற்கும் ஜோசியப் புஸ்தகத்திலிருந்து எடுத்தவை! காலேஜில் மனோதத்துவம் படிக்கிற பிள்ளைகளே இப்படி ஏமாந்தால், "உன் மனத்தில் வெளியே சொல்லமுடியாத ஒரு குறை இருக்கிறது, நீ நல்லது செய்தும் உனக்குக் கெட்ட பேர்தான் மிச்சம்" என்று குறிகாரி சொன்னவுடன் சாயல்குடிப் பெண் கண்ணீர் விட்டு ஒப்புக்கொள்ளுவதில் என்ன அதிசயம்? இது பொருந்தாத மனிதர் இந்த உலகத்தில் யார்?

கஷ்டத்தில் இருக்கிறவளுக்கு ஒரு காரணம் கிடைத்தாலே பாதி ஆறுதல். இருட்டில் எது கடித்தது என்று தெரியாமல் நடுங்குகிறவனுக்கு, "தேள்தான், பாம்பில்லை" என்று சொன்னால் தைரியம் வருவதைப் போல. சொன்னது பொய்யாய் இருந்தாலும் தைரியம் வரத்தான் செய்யும். ஆகவே ஆறுதல் வேறு, உண்மை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில்தான் பித்தலாட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

படித்த கோடாங்கிகள்

கோடாங்கியையும் குறிகாரியையும் மாத்திரம் கண்டித்துவிட்டுப் படித்தவர்களை விட்டுவிட்டால் நாம் யோக்கியர்கள் ஆகமாட்டோம். ஏனெனில், "குணமாயிற்று, ஆகையால் நான் சொன்னது மெய்" என்கின்ற இதே வாதத்தைச் சொன்னவர்களில் உலகப் பிரசித்தி பெற்ற வியன்னா டாக்டர் பிராய்டும் ஒருவர். நோயாளிக்குச் சொல்லுகிற வியாக்கியானம் அவனுக்குள் உண்மையாய் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் அவனுடைய மனப்போராட்டம் தீரும் என்பது 1917-இல் அவர் தம் சொற்பொழிவில் கொண்ட நிலை. இந்த வாதத்தின் அஸ்திவாரத்தை அடால்ஃப் கிரன்பாம் என்கின்ற தத்துவ ஆசிரியர் 1984-இல் ஒரு புஸ்தகம் எழுதித் தோண்டிக் காட்டினார். அவ்வளவு தூரம் போவானேன்? பிராய்டின் கட்சியிலேயே இருந்த லண்டன் டாக்டர் எட்வர்ட் குளோவர் 1931-இலேயே, சரியில்லாத வியாக்கியானத்தினாலும் நோய்க் குறிகள் அடங்கக்கூடும் என்று எழுதினார். கட்சிக்காரரே ஒப்புக்கொண்ட பிறகு வாதம் எங்கே நிற்கும்?

நோயாளி "ஆமாம்" என்றால் வியாக்கியானம் சரி. "இல்லை" என்றால் அவன் உள்மனம் எதிர்க்கிறது, ஆகவே அப்போதும் சரி. இப்படிப்பட்ட இருதலைக் கத்தியைப் பல மனோதத்துவக்காரர்கள் வீசியிருக்கிறார்கள். பிராய்டே 1937-இல் இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் எழுத நேர்ந்தது. நோயாளியின் வெறும் ஆமாம் என்பதையும் வெறும் இல்லை என்பதையும் ருஜுவாக எடுத்துக்கொள்ளுவதில்லை என்றார். சொன்னவரைக்கும் சரியே. ஆனால் நடைமுறையில் "இல்லை" என்று சொன்ன நோயாளிக்கு எத்தனை பேர் காது கொடுத்தார்கள்?

நம் நாட்டிலேயே கல்கத்தாவில் 1922-இல் இந்திய மனப்பகுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்த கிரீந்திரசேகர் போஸ், பிராய்டு ஐரோப்பிய நோயாளிகளிடத்தில் கண்டதாகச் சொன்ன சில பயங்கள் தம்முடைய இந்திய நோயாளிகளிடத்தில் அவ்வளவு காணப்படவில்லை என்று பிராய்டுக்கே எழுதித் தெரிவித்தார். குருவிடத்தில் மரியாதை வைத்துக்கொண்டே குரு சொன்னதைப் பரிசோதித்த காரியம் இது.

இப்படிப் பரிசோதிக்காதவர்கள் செய்த கொடுமையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1948-இல் ஃபிரீடா ஃபிரோம் ரெய்க்மன் என்கின்ற பெயர்பெற்ற டாக்டர், பிள்ளைக்கு மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்று ஒரு பதத்தை உண்டாக்கிவிட்டார். 1967-இல் சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நிலைமைக்கு அவர்களைப் பெற்றவர்களின் அன்பில்லாத போக்கையே காரணமாக்கிப் புஸ்தகம் எழுதினார். நோயுற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு ஏற்கெனவே இரத்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்கு, "உன்னால்தான் வந்தது" என்கின்ற பழியும் சேர்ந்தது. பிற்கால ஆராய்ச்சிகளில் இரண்டும் ஆதாரமற்றவை என்று தள்ளப்பட்டன. ஆனால் அந்தத் தாய்மார்களுடைய ஆயுளை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? நம் ஊரில், "மருமகள் காலடி வைத்த நேரம்" என்று பழி போடுகிறதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கோடாங்கியானாலும் சிகாகோவானாலும் காரணம் தேடுகிறவன் கை கடைசியில் ஒரு பெண்ணின் தலையில்தான் போய் விழுகிறது!

பரிசோதனை என்ன சொல்லுகிறது?

அப்படியானால் வியாக்கியானமே வீண்தானா என்றால், அப்படியும் நாம் சொல்லவில்லை. நமக்குக் கோடாங்கியிடத்திலும் பக்ஷம் இல்லை. டாக்டரிடத்திலும் துவேஷம் இல்லை. பரிசோதித்தவர்கள் கண்டதை மட்டும் சொல்லுகிறோம்.

1988-இல் பிலடெல்பியாவில் கிரிட்ஸ்-கிறிஸ்டாஃப் முதலியோர் 43 நோயாளிகளின் பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். நோயாளி மற்றவர்களிடத்தில் என்ன எதிர்பார்த்து எப்படி ஏமாறுகிறார் என்பதை எந்த டாக்டர் சரியாய்ப் பிடித்துச் சொன்னாரோ, அவரிடத்தில் பலனும் அதிகமாய்க் காணப்பட்டது. இதிலும் எச்சரிக்கையாய் இருக்கவேண்டும். தேறிவரும் நோயாளி தெளிவாய்ப் பேசுவார். தெளிவாய்ப் பேசுகிறவரைச் சரியாய்ப் புரிந்துகொள்ளுவதும் சுலபம். ஆகவே எது முந்தி, எது பிந்தி என்று இதைக்கொண்டு மட்டும் முடிவு கட்டிவிட முடியாது.

1991-இல் கனடாவில் பைப்பர் முதலியோர் 64 நோயாளிகளைப் பார்த்ததில், டாக்டர் தமக்கும் நோயாளிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றியே ஓயாமல் வியாக்கியானம் செய்துகொண்டிருந்த இடங்களில், வாழ்க்கையில் நல்ல உறவுகளை அனுபவித்திருந்த நோயாளிகளுக்குக் கூட நட்பும் கெட்டு, பலனும் குறைந்திருந்தது. 2006-இல் நார்வேயில் ஹேக்லண்ட் முதலியோர் வெளியிட்ட பரிசோதனை இன்னும் உறுதியானது. 100 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு கூட்டமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு முறை வீதம் ஒரு வருஷம் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மேற்படி வியாக்கியானம் உண்டு, மற்றொன்றுக்குக் கிடையாது. மொத்தத்தில் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறின. ஆனால் வாழ்க்கையில் நல்ல உறவு அமையாமல் அடிபட்டு வந்தவர்களுக்கு வியாக்கியானம் அதிக உதவியாய் இருந்தது. இப்படிப்பட்டவர்கள் தாங்கமாட்டார்கள் என்று டாக்டர்கள் அதுவரை நம்பியிருந்ததற்கு நேர் விரோதமாய் இது முடிந்தது!

கொடிய மனநோய் விஷயத்திலோ கணக்கு இன்னும் தெளிவு. 1968-இல் கலிபோர்னியாவில் டாக்டர் பிலிப் மே, மனச்சிதைவு நோயாளிகள் 228 பேரை ஐந்து விதச் சிகிச்சைக்குப் பிரித்துப் பார்த்து வெளியிட்ட முடிவில், மருந்து பெற்றவர்கள் தேறினார்கள்; மருந்தில்லாமல் பேச்சும் வியாக்கியானமும் மட்டும் பெற்றவர்கள் அவ்வளவு தேறவில்லை.

இவற்றின் சாரம் என்ன? வியாக்கியானம் மந்திரமல்ல. ஆளுக்கு ஏற்றபடி, அளவாக, அவருடைய நம்பிக்கையைக் கெடுக்காமல் சொன்னால் சில பேருக்கு உதவும். அளவு மீறினால் கெடுதி செய்யும். மருந்து வேண்டிய இடத்தில் மருந்துக்கு அது ஈடாகாது. இவ்வளவுதான். இதைச் சொல்லப் பல வருஷப் பரிசோதனை தேவைப்பட்டது. எந்தக் கோடாங்கியாவது, எந்த ஜோசியராவது தம் வியாக்கியானத்தை ஒரு நாளாவது இப்படிச் சோதனைக்கு விட்டதுண்டா?

வியாக்கியானம் எரித்த உயிர்கள்

"எல்லாம் ஒன்றுதான் என்கிறீர்களே, பின் ஏழைகள் ஏதோ நம்பிக்கையில் தர்காவிலோ கோவிலிலோ கிடந்துவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிற தாராள புத்திக்காரர்களுக்கு இராமநாதபுரம் கடற்கரையே பதில் சொல்லியிருக்கிறது.

2001-ஆம் வருஷம் ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியுமுன் ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள். அவர்களில் அநேகர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். கூச்சல் போடத்தான் முடிந்ததே தவிர ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அந்த விடுதியோ, அது போன்ற மற்ற விடுதிகளோ, தர்காவுக்குக் குணம் தேடி வந்தவர்களை வைத்துக் காசு பண்ணுவதற்காக அக்கம் பக்கத்தில் முளைத்தவை. வந்தவர்களில் முஸ்லிம்கள் மட்டுமல்ல. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏராளம். மூட நம்பிக்கையில் மாத்திரம் நம் ஜனங்களுக்குள் மத பேதம் கிடையாது!

அந்தத் தீ எங்கிருந்து வந்தது? விளக்கிலிருந்தோ அடுப்பிலிருந்தோ வந்திருக்கலாம். ஆனால் சங்கிலி எங்கிருந்து வந்தது? அது வியாக்கியானத்திலிருந்து வந்தது. "இவன் உள்ளே இருப்பது இவன் அல்ல, பேய்" என்று ஒப்புக்கொண்ட மறு நிமிஷமே அவன் மனிதன் என்கின்ற மதிப்புப் போய்விடுகிறது. பிறகு அவனைக் கட்டினால் பேயைக் கட்டியதாகவும், அடித்தால் பேயை அடித்ததாகவும் ஆகிவிடுகிறது. அவன் அழுதால் பேய் அழுகிறது. அவன் "வீட்டுக்குப் போகவேண்டும்" என்றால் அதுவும் பேயின் தந்திரம். கனவில் உத்தரவு வரும்வரை காத்திருக்கவேண்டும் என்றால், கனவு வராதவன் ஆயுள் கைதி. ஒருவன் சொல்லுகிற சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் செய்துவிடுகிற வியாக்கியானத்தைவிடக் கொடிய சங்கிலி வேறு என்ன இருக்கிறது?

சர்க்காரும் இந்தக் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. இப்படிப்பட்ட விடுதிகளுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்திலேயே இருந்தது. இருந்தும் அவை வருஷக்கணக்காய்ப் பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தன. அன்றைக்குத் தமிழ்நாடு முழுமைக்கும் சர்க்கார் மனநல ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான். கூலிக்காரன் ஒருவன் கட்டுக்கடங்காத மகனை அழைத்துக்கொண்டு சாயல்குடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் எப்படிப் போவான்? பக்கத்தில் இருப்பது ஏர்வாடி, அங்கே போனான். 28 பேர் செத்த பிறகுதான் ஒரு வாரத்துக்குள் அந்த விடுதிகளை மூடி, 500-க்கு மேற்பட்டவர்களை வெளியே எடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டும் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. செய்யவேண்டிய வேலை சர்க்காருக்கு முன்னமே தெரியும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, எந்த விதத்திலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. 18-வது பிரிவு, சர்க்கார் செலவில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநோய் இருக்க, நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. சிகிச்சை இல்லாத இடத்தில் உடுக்கைச் சத்தம் கேட்காமல் வேறு என்ன கேட்கும்?

ஏர்வாடியில் தர்காவோடு சேர்ந்தே டாக்டர்கள் மருந்தும் கொடுக்கும்படியாக, "தவா-துவா" என்கின்ற ஏற்பாடு சர்க்காரால் செய்யப்பட்டது. மருந்தும் பிரார்த்தனையும் என்பது இதற்கு அர்த்தம். பிரார்த்தனைக்கு வந்தவன் கையில் ஒரு மாத்திரையாவது போய்ச் சேருவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். மாத்திரையால் குணமானவன் வீட்டுக்குப் போய், "கனவில் உத்தரவு வந்தது, குணமாயிற்று" என்று சொன்னால், அடுத்த வீட்டுக்காரன் மாத்திரையைத் தேடுவானா, கனவைத் தேடுவானா? மருந்து கொடுக்கிற டாக்டர் மருந்தைப் பற்றி வாயைத் திறந்து சொல்லுவதும் அவர் உத்தியோகத்தில் சேர்ந்ததுதான்.

செய்யவேண்டியது என்ன?

நிற்க, சாயல்குடி முதலான ஊர்களில் உள்ள தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். உங்கள் வீட்டில் ஒருவருக்கு மனம் கெட்டால், காரணம் சொல்லுகிறவன் யாராய் இருந்தாலும், உடுக்கை வைத்திருப்பவனானாலும் பட்டம் வைத்திருப்பவரானாலும், சில கேள்விகளைக் கூசாமல் கேளுங்கள். நீ சொல்லுகிற காரணம் தப்பாய் இருந்தால் அது எப்படித் தெரியும்? நோயாளி "அப்படியில்லை" என்றால் ஒப்புக்கொள்ளுவாயா? எத்தனை நாளில் பலன் தெரியவேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வாய்? உன் காரணம் யார் மேல் பழி போடுகிறது? அதனால் நோயாளிக்கு அடியோ, கட்டோ, பட்டினியோ உண்டா? முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாதவனுக்கு வாசலைக் காட்டுங்கள். கடைசிக் கேள்விக்கு "உண்டு" என்று சொல்லுகிறவனுக்குப் போலீஸ் ஸ்டேஷனைக் காட்டுங்கள்.

நோயாளியை இராமநாதபுரம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போகமுடியாத நேரத்தில் 14416 என்கின்ற இலவச டெலிபோன் எண்ணில் பேசலாம். 2022 முதல் மத்திய சர்க்கார் இதை நடத்திவருகிறது. தூக்கமில்லாமலும் தனக்குத் தானே பேசிக்கொண்டும் இருப்பது வெட்கப்படவேண்டிய காரியம் அல்ல. கட்டிப்போட்டு வைத்திருப்பதுதான் வெட்கப்படவேண்டிய காரியம்.

மன ஆலோசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லுகிற வியாக்கியானத்தைத் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். "இப்படி இருக்குமோ? உங்களுக்கு எப்படிப் படுகிறது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லுகிற "இல்லை"யையும் மரியாதையாய்க் குறித்துக்கொள்ளுங்கள். தன் வாழ்க்கையின் அர்த்தத்தைத் தான் சொல்லுகிற உரிமையைப் பறிகொடுத்தவன், குணமானாலும் அடிமைதான். அந்த உரிமையைத் திருப்பிக் கொடுப்பதே வைத்தியம். அதைப் பறித்துக்கொள்ளுவது, இங்கிலீஷில் செய்தாலும் உடுக்கையில் செய்தாலும், புரோகிதமே.

குணம் என்பது நோயாளிக்குச் சொந்தமான சொத்து. கோடாங்கிக்கோ, கனவுக்கோ, கிரகத்துக்கோ, டாக்டருக்கோ அதைப் பட்டா எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இனியாவது நம் ஜனங்கள், "யார் செய்தது?" என்று கேட்பதை விட்டு, "என்ன செய்யலாம்?" என்று கேட்கப் பழகவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.